தொடாதே என்னும் அறிவுரைக்கு ஒரு மறுப்பு

‘வண்டியைக் கழுவலாம், காற்றுப் பிடிக்கலாம், செயினுக்கு எண்ணெய்கூட விடலாம், எஞ்சினில் மட்டும் கை வைத்துவிடாதே’ என்னும் அறிவுரை, இருசக்கர வாகனம் நிற்கும் பெரும்பாலான வீடுகளில் கேள்வியின்றி ஏற்கப்பட்ட விதியாக நிலவுகிறது. தந்தை மகனுக்கும், நண்பர் நண்பருக்கும், விற்பனையாளர் வாடிக்கையாளருக்கும் இதைச் சொல்கின்றனர். வண்டி ஓட்டுபவள் மகளாக இருந்தால், அவளிடம் சொல்லவும் தேவையில்லை என்று கருதி விட்டுவிடுகின்றனர். இவ்விதி தவறானது என்பதும், அது எதைக் காக்க நினைக்கிறதோ அந்த எஞ்சினுக்கே கேடு விளைவிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே நேர்மை. அத்தரப்பு சொல்வது இது: எஞ்சின் என்பது மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு அளவுகளில் பொருத்தப்பட்ட பொறி, பயிலாத கை அதைத் தொட்டால் சிறு வேலை பெருஞ்செலவாக முடியும், அதற்கென்றே பயின்றவர்கள் தெருமுனைப் பட்டறையிலும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலும் இருக்கும்போது, விடுமுறை நாளைச் செலவிட்டுக் கையைக் கரியாக்கிக்கொள்வதால் மிச்சமாவது சிறு தொகை மட்டுமே, அதற்காக வாரண்டியை இழப்பதும், உழைத்துப் பிழைக்கும் ஒரு மெக்கானிக்கின் வருமானத்தைக் குறைப்பதும் அறிவுடைமை ஆகா, மேலும், இன்றைய வண்டிகள் கணினியால் கட்டுப்படுத்தப்படுவதால் வீட்டு ஸ்பேனருக்கு அவற்றில் வேலையே இல்லை. ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி இத்தனை வாதங்களுக்கும் முத்தாய்ப்பாக வைக்கப்படுகிறது. இவற்றுள் எதுவும் வீண்பேச்சு அன்று. ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு உண்மை இருப்பதால்தான் இக்கருத்து இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. அந்த ஒரு பங்கு உண்மையிலிருந்து ‘தொடவே கூடாது’ என்ற முடிவுக்குத் தாவும் இடத்தில்தான் வாதம் இடறுகிறது.

சொற்களைப் பிரித்தறியாமல் இவ்விவாதம் நகராது. ‘எஞ்சின் வேலை’ என்று பேச்சுவழக்கில் ஒரே பெயரால் சுட்டப்படுவது உண்மையில் மூன்று வேறு வேலைகள். முதலாவது பராமரிப்பு: ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் கெடாதிருக்கக் குறித்த இடைவெளியில் செய்யும் ஆயில் மாற்றம், ஏர் ஃபில்டர் சுத்தம், ஸ்பார்க் பிளக் சோதனை, டேப்பட் சரிசெய்தல் முதலியன. இரண்டாவது பழுதுநீக்கம்: கெட்டுப்போன பகுதியைக் கண்டறிந்து மாற்றுதல். மூன்றாவது, பட்டறைகளில் ‘எஞ்சின் பிரிப்பது’ என்று சொல்லப்படும் முழு வேலை: ஹெட்டைக் கழற்றி, தேய்ந்த சிலிண்டர் போரைக் கடைந்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, மீண்டும் கட்டுதல். மூன்றாவதற்கு வேண்டிய தேர்ச்சியைக் காட்டி முதலாவதைத் தடுப்பது, பல் மருத்துவம் கடினமானது என்பதால் ஒருவர் தம் பல்லைத் தாமே துலக்கக் கூடாது என்பதற்கு ஒப்பாகும். இக்கட்டுரை வாதிடுவது முதலாவதற்காக மட்டுமே. எதிர்த்தரப்பின் வாதங்கள் இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. நுட்பமானது என்பதால் அது மூடிவைக்கப்பட்டது என்று பொருளாகுமா?

எஞ்சின் நுட்பமானது என்பதில் ஐயமில்லை. நான்கு வீச்சு எஞ்சினில், அதாவது உள்ளிழுத்தல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு நகர்வுகளில் ஒரு சுழற்சியை முடிக்கும் எஞ்சினில், கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடும். நிமிடத்துக்கு 5,000 சுற்று வேகத்தில் அது நிமிடத்துக்கு 2,500 முறை, அரை மணி நேரப் பயணத்தில் 75,000 முறை. இவ்வளவு இடிபடும் பகுதிகள் தேய்ந்தே தீரும் என்பதை அறிந்துதான், வடிவமைத்தவர்கள் அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்வதற்கான வழிகளையும் கூடவே வைத்தனர். அடியில் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட், ஹெட்டின்மேல் டேப்பட் மூடிகள், இடப்பக்க உறையில் காந்தச் சக்கரத்தின் குறியைப் பார்ப்பதற்கான சிறு மூடி ஆகிய யாவும் எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே எட்டுவதற்கென்று அமைந்த வாயில்கள். எத்தனை கிலோமீட்டருக்கு எந்த வாயிலைத் திறக்க வேண்டும் என்னும் அட்டவணை, வாங்கிய நாளிலிருந்து எவரும் பிரிக்காத கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கிறது.

டேப்பட் வேலையை அருகிலிருந்து நோக்கினால் இது தெளிவாகும். டேப்பட் இடைவெளி என்பது, வால்வுத் தண்டின் முனைக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விடப்படும் இடம். சூடேறும்போது உலோகம் விரிவதற்கு அந்த இடம் வேண்டும். 100 சிசி வண்டிகள் பலவற்றில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அது கூடினால் டக்டக்கென்ற சத்தம் எழும்; குறைந்தால் வால்வு முழுதும் மூடாமல், எரியும் வாயு கசிந்து அதன் விளிம்பு கருகும். இதைச் சரிசெய்ய, இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினின் காந்தச் சக்கரத்தை மெல்லத் திருப்பி, அதிலுள்ள குறியை உறையிலுள்ள வெட்டோடு நேர்ப்படுத்த வேண்டும். இரு ராக்கர்களும் விரல் பட்டால் இலேசாக ஆடுமானால் பிஸ்டன் அழுத்தல் வீச்சின் உச்சியில் நிற்கிறது என்று பொருள். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திருப்ப வேண்டும். பின்னர், கனம் பொறிக்கப்பட்ட எஃகுத் தகடுகளின் கொத்தாகிய ஃபீலர் கேஜில் உரிய தகட்டை இடைவெளியில் செருகினால், அது தடையின்றி வழுக்கவும் கூடாது, சிக்கிக்கொள்ளவும் கூடாது. தாள்கட்டின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவும்போது உணரும் மெல்லிய இழுப்பே சரியான அளவுக்கு அடையாளம். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுழன்றுவிடக்கூடும் என்பதால், இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் டேப்பட் பொருத்தப்பட்ட எஞ்சின்களில் இவ்வேலையே இல்லை.

இவ்வளவிலும் பிறவித் திறமையைக் கேட்கும் இடம் எது? பொறுமையும் வரிசை தவறாமையும் மட்டுமே இங்கே கேட்கப்படுகின்றன. நூறில் சில பங்கு என்று அச்சுறுத்தப்படும் அந்த நுட்பம் கண்ணுக்கோ கைக்கோ தெரிய வேண்டியதில்லை. அது தகட்டிலேயே அளந்து தரப்பட்டிருக்கிறது.

2. ‘கெடுத்துவிடுவார்’ என்றால், எதைக் கெடுப்பார்?

பொதுவாக அச்சுறுத்துவது எளிது. பட்டியலிட்டால் அச்சம் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். டிரெயின் போல்ட்டின் மரை போகலாம். ஸ்பார்க் பிளக் கோணலாக ஏறலாம். பிளக் துளை வழியே மண் உள்ளே விழலாம். தவறான வகை ஆயில் ஊற்றப்படலாம். ஆயிலின் அளவு கூடவோ குறையவோ செய்யலாம். முதல்முறை பராமரிப்புச் செய்பவர் எஞ்சினுக்கு இழைக்கக்கூடிய பெருந்தீங்குகள் பெரும்பாலும் இவையே. இவற்றில் எதுவும் மறைபொருள் அன்று.

மரை போவதை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சின் உறை அலுமினியக் கலவையால் ஆனது, போல்ட்டோ எஃகு; ஆகவே அளவுக்கு மீறி முறுக்கினால் போல்ட்டுக்கு ஒன்றும் நேராது, உறையின் உட்புற மரைதான் வழித்துக்கொண்டு வரும். எவ்வளவு முறுக்கலாம் என்பதைக் கையேடு முறுக்கு விசையாகக் குறிப்பிடுகிறது. முறுக்கு விசை என்பது இழுக்கும் விசையை ஸ்பேனரின் நீளத்தால் பெருக்கிக் கிடைப்பது. 25 நியூட்டன் மீட்டர் என்று குறித்திருந்தால், 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 125 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 13 கிலோ எடையைத் தாங்கும் அளவு இழுப்புப் போதும். அதே ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி 60 சென்டிமீட்டர் ஆக்கி, அதே கையால் இழுத்தால் முறுக்கு விசை மூன்று மடங்காகி மரை போய்விடும். ஆகவே இங்கே எஞ்சினைக் கெடுப்பது அறியாமை மட்டுமன்று, ‘இன்னும் கொஞ்சம் இறுக்கிவைப்போம்’ என்னும் மிகை வலிமையும்தான்; முதல்முறை செய்பவரின் தயக்கம் அதற்கு எதிரான காப்பாகவே அமைகிறது.

மற்றவற்றுக்கும் இத்தகைய எளிய விதிகள் உண்டு. பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி நீக்கினால் எதுவும் உள்ளே விழாது. மாட்டும்போது ஸ்பேனரைத் தொடாமல் விரலாலேயே கடைசி வரை சுற்றினால் கோணலாக ஏறவே ஏறாது. கோணலானால் விரலுக்கு இடங்கொடாமல் நின்றுவிடும். விரல் நின்ற இடத்திலிருந்து, வாஷரோடு கூடிய புதிய பிளக்குக்கு ஏறத்தாழ அரைச் சுற்றும், பயன்படுத்திய பிளக்குக்கு ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கும் ஸ்பேனரால் திருப்பினால் போதும். ஆயிலைப் பொறுத்தவரை, பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினும் கியரும் கிளட்ச்சும் ஒரே ஆயிலில் நனைகின்றன என்பதை அறிந்தால் போதும்: உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கும், எனவே நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது என்று ஜப்பானிய வாகனத் தரநிர்ணய அமைப்பு வகுத்த ஜாசோ எம்ஏ தரக்குறி டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஊற்றிய ஆயில் அளவுக் குச்சியின் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். ஐந்து தீங்குகளுக்கும் ஐந்து விதிகள். அவற்றை ஒரு தாளின் பாதியில் எழுதிவிடலாம். ஒருவர் வாழ்நாள் முழுவதும் தம் வண்டியின் எஞ்சினைத் தொடாமல் ஒதுங்கியிருக்க, அரைத்தாள் அளவு அறியாமை போதிய காரணம் ஆகுமா?

3. மெக்கானிக்குக்கும் ஒரு முதல் நாள் இருக்கவில்லையா?

பயின்ற கை மட்டுமே தொடலாம் என்பவர்கள், கை பயின்றது எப்படி என்னும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் மெக்கானிக் உருவாவது பெரும்பாலும் உதவியாளராகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு நாள் தாமே முதல் டிரெயின் போல்ட்டைக் கழற்றுவதன் வழியாகத்தான். அந்த முதல் கழற்றல் யாருடைய வண்டியில் நிகழ்ந்தது? யாரோ ஒரு வாடிக்கையாளரின் வண்டியில், அவர் அறியாமல் நிகழ்ந்தது. இதில் குற்றங்காண ஏதுமில்லை. தொழில் கற்கும் வழி அதுவே. ஆனால் ஓர் இளைஞரின் முதல் முயற்சி பிறர் வண்டியில் நடக்கலாம், அவ்வண்டிக்கு உரியவரின் முதல் முயற்சி அவருடைய வண்டியிலேயே நடக்கக் கூடாது என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பிழை நேர்ந்தால் அதன் செலவை ஏற்கப்போகிறவரும், அதனால் மிகுந்த கவனத்தோடு செய்யப்போகிறவரும் உரிமையாளரே.

கோவை ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை இங்கே நினைவுகூரத் தக்கது. 1893-இல் கலங்கலில் பிறந்து, பள்ளிப் படிப்பைத் தொடக்க நிலையிலேயே விட்டுவிட்ட அவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கோவையில் உணவு விடுதியொன்றில் பரிமாறிச் சேர்த்த பணத்தில் அத்தகைய வண்டியை வாங்கி, அதைப் பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டினார். பேருந்துத் தொழிலும் மின்மோட்டார் உற்பத்தியும் அவர் வாழ்வில் அதன் பின்னரே வந்தன. அவர் மேதை, மற்றவர்கள் அப்படியா என்று கேட்கப்படலாம். பிரிப்பதற்கு முந்தைய நாள் அவர் மேதை என்று எவருக்குத் தெரியும்? ‘தொடாதே’ என்னும் விதி அன்று கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டிருந்தால் அது எவருக்கும் தெரிய வந்திருக்காது. எத்தனை பேருக்கு இயந்திரத்தில் கை ஓடும் என்பதை அறியும் வாய்ப்பையே இவ்விதி அழிக்கிறது. அந்த இழப்பு கணக்கில் வராததால் அது இழப்பாகவே தோன்றுவதில்லை.

4. ஒப்படைப்பது பாதுகாப்பு ஆகுமா?

பராமரிப்பின் இயல்பு சிறிது சிறிதாக, அடிக்கடி செய்யப்படுவது. நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஆண்டில் ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் ஓடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு விட்டால், மெக்கானிக் அதை ஆண்டில் நான்கு நாள் பார்க்கிறார். உரிமையாளர் நாள்தோறும் பார்க்கிறார். இடையிலுள்ள நாள்களில் எஞ்சினுக்கு நேர்வதை அறியும் வாய்ப்புள்ள ஒரே மனிதரை, அறிய வேண்டாம் என்று தடுப்பது எவ்வகைப் பாதுகாப்பு?

ஆயிலைக் கொண்டே இதைக் கணக்கிடலாம். சிறு மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் எஞ்சினில் இருப்பது ஒரு லிட்டர் அளவிலான ஆயில் மட்டுமே. மசகிடுவதும், வெப்பத்தை வாங்குவதும், தேய்ந்த துகள்களை அடித்துச் செல்வதும் அந்த ஒரு லிட்டரின் வேலை. ரிங் தேய்ந்து 1,000 கிலோமீட்டருக்கு 150 மில்லி ஆயில் எரிகிறது என்று வைத்துக்கொண்டால், 3,000 கிலோமீட்டர் கழித்துச் சர்வீஸுக்குப் போகும்போது பாதிக்குச் சற்றே அதிகமாகத்தான் மிஞ்சியிருக்கும். அதுவரை ஆயில் அளவுக் குச்சியை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்காதவர், எஞ்சினுக்கு எத்தீங்கும் செய்யாதவராகத் தம்மைக் கருதிக்கொள்வார். செய்யாமல் விட்டதன் கேட்டைக் கேடாக எண்ணாமல், செய்ததன் கேட்டை மட்டுமே எண்ணும் இந்த ஒருதலைக் கணக்குதான் ‘தொடாதே’ என்னும் விதியின் அடித்தளம். பிஸ்டன் பிடித்துக்கொண்ட எஞ்சினைப் பட்டறைக்குத் தள்ளிச் செல்லும்போது, ‘தொட்டதனால் கெட்டது’ என்று சொல்ல ஆள் இல்லை; தொடாததனால் கெட்டது என்று எவரும் சொல்வதும் இல்லை.

5. மெக்கானிக்கின் பிழைப்பைக் காப்பது அறியாமையா?

உழைப்பாளியின் வருமானத்தைப் பற்றிய கவலை மதிப்புக்குரியது. ஆனால் அக்கவலை தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு நிறுவிய கருத்து ஒன்று உண்டு: விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல சரக்கும் மட்டமான சரக்கும் ஒரே விலைக்கு இழுக்கப்பட்டு, நல்ல சரக்கு சந்தையைவிட்டு வெளியேறும். அவ்வாதம் சர்வீஸ் வேலைக்கும் பொருந்தும். டேப்பட்டைத் தகடு வைத்து அளந்தவருக்கும், காது மதிப்பில் திருகிவிட்டவருக்கும் வாடிக்கையாளர் தரும் கூலி ஒன்றே, ஏனெனில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரியாது. டிரெயின் போல்ட்டுக்கு அடியில் புதிய வாஷர் போட்டவரின் கவனமும், பழையதையே திருப்பிப் போட்டவரின் அவசரமும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

ஆகவே அறியாத வாடிக்கையாளரால் உண்மையில் இழப்படைபவர் நல்ல மெக்கானிக்கே. ஒருமுறை தாமே டேப்பட் சரிசெய்தவர், அதற்கு எவ்வளவு நேரமும் பொறுமையும் வேண்டும் என்பதை விரலால் அறிந்தவர். அடுத்த முறை அதை முறையாகச் செய்யும் ஒருவரைக் கண்டால், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பார், அவரையே தேடியும் போவார். ஆயில் மாற்றத்தின் கூலி குறையலாம். எஞ்சின் பிரிக்கும் வேலையோ, அதற்கான மதிப்போ குறையப்போவதில்லை. ஒரு தொழிலுக்குரிய மரியாதை, அதை ஓரளவேனும் அறிந்த மக்களிடமிருந்துதான் வர முடியும்.

6. வாரண்டி என்னும் வேலி எத்தனை ஆண்டு நிற்கும்?

வாரண்டிக் காலத்தில் குறித்த சர்வீஸ்களை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சென்டரில் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருப்பதால், அக்காலத்தில் அதற்குக் கட்டுப்படுவதே முறை. ஆனால் ஐந்தாண்டு வாரண்டி என்றே கொண்டாலும், இந்தியாவில் தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், வாரண்டி வாதம் மிஞ்சிய பத்தாண்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் தேய்ந்து, கவனம் மிகத் தேவைப்படுவதும் அப்பத்தாண்டுகளில்தான். தவிர, வாரண்டிக் காலத்திலேயே ஆயில் அளவைப் பார்க்கும்படி உரிமையாளரைக் கையேடு கேட்டுக்கொள்கிறது. அதைப் பார்த்தால் வாரண்டி போய்விடும் என்பது கையேட்டைப் படிக்காதவரின் அச்சம்.

பழுதுபார்க்கும் உரிமை என்பது வெறும் வீட்டுச் சச்சரவும் அன்று. உதிரிபாகங்களையும் பழுதுநீக்கத் தகவல்களையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தங்கள் சென்டர்களுக்குள் அடைத்துவைத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் உற்பத்தி நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பழுதுபார்க்கும் உரிமைக்கான தனி இணையதளம் ஒன்றை 2022 டிசம்பரில் நடுவணரசு தொடங்கியபோது, அதில் சேர்க்கப்பட்ட துறைகளுள் வாகனத் துறையும் ஒன்று. தாம் வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமையை அரசே பேசத் தொடங்கியிருக்கும் காலத்தில், அந்த உரிமையை உரிமையாளரே வலியக் கைவிடுவது பொருத்தமற்றது.

7. கணினி வந்ததால் பிஸ்டன் போய்விட்டதா?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் எரிபொருள் உட்செலுத்தும் முறை பிடித்துக்கொண்டது. எரிபொருளின் அளவைக் கணினி முடிவுசெய்கிறது. பம்ப் அதை உயர் அழுத்தத்தில் தள்ளுகிறது. எனவே பழைய காலத்தில் திருகைத் திருகிக் கலவையைச் சரிசெய்ததுபோல் இன்று செய்ய முடியாது என்பதும், அழுத்தத்தில் உள்ள பெட்ரோல் குழாயை அறியாதவர் கழற்றக் கூடாது என்பதும் சரியே. ஆனால் கணினி ஆயிலை மாற்றுவதில்லை, டேப்பட்டை அளப்பதில்லை, ஏர் ஃபில்டரில் படிந்த தூசியைத் தட்டுவதில்லை. பிஸ்டனும் வால்வும் கிளட்ச்சும் முன்பு எப்படித் தேய்ந்தனவோ அப்படியே இன்றும் தேய்கின்றன. எஞ்சினில் சிறு குறை தோன்றினால் கணினி எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் ஓரளவு ஈடுகட்டிவிடுவதால், குறை வெளியே தெரியாமலும் போகலாம். எனவே கண்ணும் காதும் இன்று முன்னைவிடக் கூடுதலாகவே தேவை.

8. மிச்சம் எவ்வளவு, கழிவு எங்கே?

பணக்கணக்கில் எதிர்த்தரப்பு சொல்வது பெரிதும் உண்மை. ஸ்பேனர், ஃபீலர் கேஜ், ஆயில் பிடிக்கும் தட்டு ஆகியவற்றின் விலையைச் சேர்த்தால் முதலாண்டில் மிச்சம் எதுவும் இராது. வேலையும் மெக்கானிக் எடுக்கும் நேரத்தைப்போலப் பல மடங்கு எடுக்கும். பராமரிப்பைச் சிக்கனமாக மட்டும் பரிந்துரைப்பவர்கள் இதனால்தான் தோற்கின்றனர். கிடைப்பது பணம் அன்று, தீர்ப்புச் சொல்லும் ஆற்றல்: வடித்த ஆயிலை இரு விரலுக்கிடையே தேய்த்து உலோகத் துகளை உணர்வதும், பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருக்கிறதா, கரி பிடித்திருக்கிறதா என்று பார்த்து எரிதலின் நிலையை ஊகிப்பதும், நள்ளிரவில் சாலையோரம் நின்ற வண்டியில் எதை முதலில் பார்ப்பது என்று அறிவதும் அந்த ஆற்றலின் கூறுகள். இவ்வாற்றலை விலைக்கு வாங்க முடியாது.

கழிவு ஆயிலைப் பற்றிய கேள்வி இவ்வெல்லாவற்றையும்விடக் கனமானது. பயன்படுத்திய ஆயில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. அதை மறுசுழற்சிக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு 2024 ஏப்ரல் முதல் உற்பத்தியாளர்கள்மீது சுமத்தப்பட்டுள்ளது. அதைச் சாக்கடையிலோ வேலியோரத்திலோ ஊற்றுபவர், தம் எஞ்சினைக் காக்க ஊர்க் கிணற்றைக் கெடுப்பவர். புதிய ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி மூடி, கழிவு ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரிடம் ஒப்படைக்க இயலாதவர் இவ்வேலையைத் தொடங்காதிருப்பதே நலம். இந்த ஒரு நிபந்தனையில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

எல்லையைக் குறிக்காத உரிமை உரிமை ஆகாது. முதல்முறை செய்பவர் ஹெட்டைக் கழற்றலாகாது. பெட்ரோல் குழாயைத் தொடலாகாது. கதவடைத்த அறையில் எஞ்சினை ஓடவிடலாகாது, ஏனெனில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றிக் கொல்லும். சைலென்சர் சூடாக இருக்கும்போது அவசரப்பட்டுக் கை வைக்கலாகாது. இவ்வெல்லைகளுக்கு வெளியே உள்ளவை மெக்கானிக்குக்குரியவை, உள்ளே உள்ளவை உரிமையாளருக்குரியவை.

இந்தப் பகுப்பை ஏற்காத சமூகம் எதை இழக்கிறது என்பதற்கு ஒசூரும் ஒரகடமும் சான்று. இருசக்கர வாகனங்கள் பெருந்தொகையாகக் கட்டப்படும் தமிழக ஊர்கள் இவை. அவற்றைக் கட்டும் கைகளுள் இளம் பெண்களின் கைகளும் உண்டு. ஆலைக்குள் எஞ்சின் உறையை அளவு மாறாமல் முறுக்கத் தெரிந்த பெண், வீட்டில் தன் வண்டியின் ஆயில் மூடியைத் திறந்தால் ‘உனக்கெதற்கு அது’ என்று கேட்கப்படுகிறாள் என்றால், குறை கையில் இல்லை, விதியில் இருக்கிறது.

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி ஆழத்தை அறியச் சொல்கிறதே ஒழிய, ஆற்றைவிட்டு விலகச் சொல்லவில்லை. எஞ்சினின் ஆழத்தைக் காட்டும் கோலும் பல வண்டிகளில் எஞ்சினிலேயே செருகப்பட்டிருக்கிறது. கையேடு சொல்லும் முறைப்படி, வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டிட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி அணைத்து, ஆயில் கீழிறங்கச் சற்றுப் பொறுத்து, அந்த அளவுக் குச்சியை எடுத்துப் பனியன் வேஸ்டில் துடைத்து, மீண்டும் செருகி எடுத்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பவர் ஆழம் பார்க்கத் தொடங்கிவிட்டவர். அடுத்த அடி எடுத்துவைக்க அவருக்கு உரிமை உண்டு.